டெரைன் எல்ஓடி எவ்வளவு வைக்கலாம்? புதுச்சேரியில் வழவழ, சென்னை நெருங்கினால் திணறல்

உப்பனாறு172 (கடலூர்):
வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு) ஓட்டுகிறேன். சிபியு ஐ5 10400எஃப், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, ரேம் 16 ஜிபி, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் செஸ்னா என்ற சின்ன விமானத்தில் ஏறி கடலோரமாகவே தெற்கே வந்து, தென்பெண்ணை கடலில் சேரும் இடம், சில்வர் பீச், பிச்சாவரம் என்று சுற்றும் வரைக்கும் 40 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைவதில்லை. அதே செட்டிங்கில் ஏடிஆர் பயணிகள் விமானத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனால் மீனம்பாக்கம் வரும்போது 20க்கு விழுகிறது, அதுகூடப் பரவாயில்லை, நடுநடுவே படம் அப்படியே உறைந்து நிற்கிறது, ஓடுதளம் கண்ணுக்குத் தெரியும் நேரம் பார்த்து அது நடந்தால் எப்படி இறக்குவது? தரையின் நுணுக்கத்துக்கான டெரைன் எல்ஓடி 200, கட்டடம், மரம் போன்றவற்றுக்கான ஆப்ஜெக்ட் எல்ஓடி 200. படத்தை எவ்வளவு துல்லியமாக வரைவது என்ற ரெண்டர் ஸ்கேலிங்கை 100லிருந்து 70க்கு இறக்கிப் பார்த்தேன், படம் மங்கியதே தவிர எஃப்பிஎஸ் அசையவில்லை. கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா?

லாஸ்பேட்டை ரன்வே07:
கார்டுக்குக் காசைக் கொட்டாதீங்க ப்ரோ. ரெண்டர் ஸ்கேலிங் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, மாட்டிக்கொண்டிருப்பது சிபியு. சந்தேகம் இருந்தால் டெவலப்பர் மோடை ஆன் செய்து எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள், சென்னைக்கு மேலே 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்றுதான் காட்டும், அதாவது சிபியுவின் முக்கிய வேலைதான் தாமதிக்கிறது.

டெரைன் எல்ஓடி என்பது எவ்வளவு தூரம் வரை தரையை நுணுக்கமாக வரைவது என்ற கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. கடலூர்ப் பக்கம் பாதிக் கடல், மீதி வயல், அதனால் 200 வைத்தும் வலி தெரியவில்லை. சென்னையில் அதே வட்டத்துக்குள் எத்தனை கட்டடம், எத்தனை தெரு! இரண்டு எல்ஓடியையும் 100க்கு இறக்குங்கள். விமான நிலையத்தில் ஓடும் வண்டிகள், ஏஐ விமானங்கள் எல்லாவற்றையும் குறையுங்கள். ஏடிஆரின் திரைகளும் சிபியுவைத்தான் தின்கின்றன, கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை மீடியத்தில் வையுங்கள். மேகத்தைத் தொட வேண்டாம், அது கார்டின் வேலை, அதற்குத்தான் தெம்பு மிச்சம் இருக்கிறதே.

செஞ்சிக்கோட்டை:
100 சரி, ஆனால் எப்போதும் 100 என்பதை நான் ஏற்க மாட்டேன். 18,000 அடியில் போகும்போது 100 வைத்தால் சற்றுத் தள்ளியே தரை மொழுக்கென்று ஆகிவிடும், பார்க்கச் சகிக்காது. உயரத்தில் பார்வை வெகுதூரம் போகிறது, அங்கே எல்ஓடி வேண்டும். தரையருகே கட்டடமே பாதியை மறைத்துவிடுகிறது, அங்கே 80 கூடப் போதும். இறங்கத் தொடங்கும் முன் மெனுவுக்குப் போய்க் குறைத்துவிடுங்கள். சோம்பேறித்தனமாக இருந்தால் உயரத்தைப் பார்த்துத் தானே மாற்றும் ஆட்டோஎஃப்பிஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அப்புறம், 40க்கும் 20க்கும் இடையே தாவுவதைவிட 30ல் நிலையாக நிற்பது கண்ணுக்கு இதம். படத்தை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசின்க் போட்டு ரெஃப்ரெஷ் ரேட்டில் 50 சதவீதம் என்று வையுங்கள், உங்கள் 60 ஹெர்ட்ஸுக்கு அது 30. உறைந்து நிற்பதற்கு ரேமும் காரணமாக இருக்கலாம், 16 ஜிபியில் பின்னால் பிரௌசர் பத்து டேபோடு திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

உப்பனாறு172:
நன்றி அண்ணே, நன்றி ப்ரோ. மெயின்த்ரெட் என்றுதான் காட்டுகிறது. இரண்டையும் 100 ஆக்கியதும் மீனம்பாக்கத்தில் 30ஐத் தொட்டு நிற்கிறது. உறைவது குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இன்னொன்று, சாயங்காலம் பறந்தால் புதுச்சேரியே களிமண் பூசியதுபோல் மங்கலாகத் தெரிகிறது. இதற்கு எல்ஓடியை மறுபடி ஏற்ற வேண்டுமா?

லாஸ்பேட்டை ரன்வே07:
வேண்டாம், அது இன்டர்நெட். தரைப் படங்கள் பறக்கும்போதே சர்வரிலிருந்து வருகின்றன, சாயங்காலம் தெருவே வீடியோ பார்க்கும்போது லைன் மெதுவாகத்தான் இருக்கும். இறக்கிய படங்களைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை ஆன் செய்து எஸ்எஸ்டியில் வைத்தால் அடிக்கடி போகும் வழிக்கு மறுபடி இறக்க வேண்டியிருக்காது. கடற்கரைச் சாலைப் பக்கம் கட்டடங்கள் நிஜம்போல் இல்லை என்பதும் வேறு கதை, அவை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஏஐ ஊகித்துக் கட்டியவை. எல்ஓடியை 400க்கு ஏற்றினாலும் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் முளைக்காது, அதற்கு யாராவது செய்த ஆட்-ஆன் தேட வேண்டும்.

செஞ்சிக்கோட்டை:
மீதி உறைதலுக்கு: பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் நிற்கிறதா, நேராகப் போகும்போதும் நிற்கிறதா? முதலாவது என்றால் திரைக்கு வெளியே உள்ள தரையை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஆஃப் ஸ்கிரீன் டெரைன் ப்ரீ-கேஷிங்கை அல்ட்ராவில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் இன்னொரு 16 ஜிபி ரேம் போடுங்கள், கார்டைவிட எவ்வளவோ மலிவு.