தனியாகப் படித்ததில் உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பக்கம் எது?

நொய்யல்கரை:
வாத்தியாரோ கோயிலோ சர்ச்சோ சொல்லித் தராமல், நாமே தேடிப் படித்தது மட்டும் இங்கே எழுதுங்கள். அறம், மதம், மனுஷ ஜாதி இனி என்ன ஆகும், இந்த வகை. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கரின் குளம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். குழந்தை மூழ்குகிறது, இறங்கித் தூக்கினால் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம். அந்தக் குழந்தை கண்ணெதிரே இருந்தால் என்ன, கடல் தாண்டி இருந்தால் என்ன என்று கேட்பாரே, அது. கிழக்கு வங்கத்திலிருந்து 90 லட்சம் பேர் அகதிகளாகிக் கிடந்த 1971 நவம்பரில் எழுதிய கட்டுரை. பஸ்ஸில் செல்போனிலேயே படித்து முடித்தேன். இறங்கியது ஜவுளிக்கடை வாசலில். தங்கைக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும்.

கடைப் பையன் பாயில் ஒவ்வொன்றாக உதறி விரிக்கிறான். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. எல்லாவற்றின் ஓரத்திலும் நூலில் கட்டிய விலைச்சீட்டு. என் கண் சேலைக்கே போகவில்லை, சீட்டுச் சீட்டாகத் தாவுகிறது. இந்த விலைக்கு எத்தனை குழந்தையைக் காப்பாற்றலாம், அந்த விலைக்கு எத்தனை குழந்தை. "ஏண்ணா, புடிக்கலீங்களா?" என்றாள். "நல்லாருக்குது அம்மிணி, எடு" என்றேன். எடுத்தோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அவள் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு மட்டும் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பெரிதாக எதையும் அள்ளிக் கொடுத்துவிடவும் இல்லை.

இரவுப்பணி:
எனக்கு டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவ அறிஞர். 1984-ல் வந்த அவர் புத்தகத்தின் கடைசியில் ஒரு கேள்வி வரும். ஒன்று, சமாதானம். இரண்டு, அணுப்போரில் நூற்றுக்கு 99 பேர் சாவு. மூன்று, நூறு பேரும் சாவு. எந்த இரண்டுக்கு நடுவில் வித்தியாசம் பெரிது? நாம் எல்லோரும் முதல் இரண்டைச் சொல்வோம். அவர் பின் இரண்டைச் சொல்கிறார். பூமியில் இன்னும் நூறு கோடி ஆண்டாவது உயிர் வாழலாம். நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால் அத்தனை காலத்து மனிதர்களும் வந்து சேர்வார்கள். அந்த ஒரு பங்கும் போனால் எல்லாம் போச்சு.

நான் பிரசவ வார்டு நர்ஸ். காலையில் வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் சும்மா சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெற்ற ஆறில் இரண்டு தங்காதவர். "செத்த புள்ளைக்கு அழுதிருக்கேன்டி. வராத புள்ளைக்கு எப்படி அழுவுறது? அதுக்கு மூஞ்சியே கெடையாதே" என்றார், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பார்ஃபிட் யாரையும் அழச் சொல்லவில்லை, எண்ணத்தான் சொல்கிறார். தெரியும். ஆனாலும் வார்டில் தொட்டில் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் யார் சொன்னது சரி என்று குழம்பிப்போகிறேன்.

கடலோரம்:
எனக்கு பைபிளின் யோபு, பிள்ளைகளும் சொத்தும் ஒரே நாளில் பறிபோன நல்லவரின் கதை. பிரசங்கத்தில் முதல் அதிகாரத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்", அதோடு ஜெபம், காணிக்கை. ஊர் தரங்கம்பாடிப் பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மேலே சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா வீட்டில் மூன்று பேர்.

சில வருடம் கழித்து நானாக உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். 38-ம் அதிகாரம். அதுவரை நியாயம் கேட்டுக் கத்திய யோபுக்குக் கடவுள் பெருங்காற்றிலிருந்து பதில் சொல்கிற இடம். சமுத்திரத்தைக் கதவுகளால் அடைத்தவர் யார் என்று கேட்கிறார். அதனிடம் தாம் என்ன சொன்னார் என்பதும் அங்கேயே இருக்கிறது: "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே."

எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை அப்போதும் இருந்தது, ஜன்னல் கட்டைக்கு மேலே. அதையும் பைபிளையும் மாறி மாறிப் பார்த்தேன். எம்மட்டும்?

பொதிகைத்தென்றல்:
நொய்யல்கரைத் தம்பிக்கு. குளத்தைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்று மணிமேகலை எப்போதோ முடித்துவிட்டது. வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஒருமுறை அங்கே பந்தியில் உட்கார்ந்தேன், ஊர் பேர் எதுவும் கேட்காமல் ஒரு பெரியவர் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். தனியாகப் படிப்பதைப் பெருமையாகப் பேசுகிறீர்கள் எல்லோரும். சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே.சா. என்ன செய்தார்? தாம் சைவர், நூல் சமண நூல், புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டார். அதற்கப்புறம்தான் 1887-ல் அச்சில் வந்தது. ஆகவே யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். செல்போனில் வேண்டாம், காகிதத்தில் படியுங்கள், கையில் பென்சில் இருக்கட்டும். மூலம் முதலில், உரை பிறகு. ஒரு நூல் முடியாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். செய்யுளை வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். இரவு சாப்பாட்டுக்கு மேல் தத்துவம் ஆகாது, தூக்கம் கெடும். இரவுப்பணி அம்மா, பார்ஃபிட்டை ஓரமாக வைத்துவிட்டு சமண வாத நூலான நீலகேசி படியுங்கள், வாதம் என்றால் என்ன என்று தெரியும். கடலோரம் தம்பி, 38-ல் நின்றுவிடாதீர்கள். கடைசி அதிகாரம் வரை போங்கள், யோபுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கிறது.

சுண்ணாம்புச்சுவர்:
ஐயா, யாரும் பட்டியல் கேட்கவில்லை. அந்த நர்ஸ் நீலகேசியை என்ன செய்வார், பாவம்.

என்னுடையது ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட். கொலைகாரன் வாசலில் நின்று உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதினார். நம் ஆள் திருவள்ளுவர் "பொய்மையும் வாய்மை யிடத்த" என்பார். குற்றமற்ற நன்மை வந்தால் பொய்யும் மெய்தான். காண்ட் சுத்தக் கிறுக்கு என்று நினைத்துச் சிரித்த அதே வாரம் தாத்தாவின் பயாப்சி ரிப்போர்ட் வந்தது.

"ஒண்ணுமில்ல தாத்தா, புண்ணுதானாம்" என்றேன். அவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார். விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவார். பிறகு நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "காப்பி சொல்றா" என்றார். கடைசி வரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திருவள்ளுவர் பக்கம்தான் இருக்கிறேன் இப்போதும். ஆனால் அந்தப் பொய் யாருக்கு நன்மை பண்ணியது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மூணாம்ஷிஃப்ட்:
இரவுப்பணி சொன்ன எண்ணிக்கை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. டோபி ஓர்ட் என்ற தத்துவ அறிஞர் 2020 புத்தகத்தில், அடுத்த நூறு ஆண்டுக்குள் மனித குலத்துக்கு மீளவே முடியாத பேரழிவு வர ஆறில் ஒரு வாய்ப்பு என்கிறார். உத்தேசம்தான் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். உத்தேசத்துக்கு எதற்கு எண்?

நான் அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். சோவியத் ராணுவ அதிகாரி பெட்ரோவ் பற்றிப் படித்தது அங்கே, விடியற்காலையில். 1983 செப்டம்பர் 26. சோவியத் எச்சரிக்கைக் கருவி முதலில் ஒன்று, அப்புறம் மொத்தம் ஐந்து அமெரிக்க ஏவுகணை வருவதாகக் காட்டுகிறது. யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தை மட்டுமா விடுவான் என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார் அந்த மனிதர். மேகத்தின் மேல் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் அப்படிக் காட்டியிருந்தது. இதைப் படிக்கும்போதே எங்கள் பேனலில் அலாரம் கூவியது. பக்கத்து நாற்காலி சீனியர் மகளின் காலேஜ் ஃபீஸ் பற்றிப் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், விரலால் தட்டி அணைத்தார். வழக்கமான அலாரம், வழக்கமான தட்டு. அவரும் கருவியை நம்பவில்லை, பெட்ரோவும் நம்பவில்லை. அந்த ஆறில் ஒன்றில் எங்கள் சீனியருக்கு எவ்வளவு பங்கு என்று ஓர்ட் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

கடலோரம்:
பொதிகைத்தென்றல் ஐயா, கடைசி அதிகாரமும் படித்திருக்கிறேன். ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது, மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம் ஆகிறது. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். பெண்கள் மூன்று பேருக்கும் பேர்கூட எழுதியிருக்கிறது. வீடு இடிந்து செத்த பழைய பத்துப் பேரைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வரி கிடையாது. எங்கள் சித்திக்கும் அப்புறம் ஒரு பையன் பிறந்தான், நன்றாக இருக்கிறான். எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று அவரிடம் போய் யாராவது சொல்லிப் பாருங்கள்.