ஒரு "ன்னு"வை வெட்டிட்டு என் பேச்சையே திருப்பிட்டாங்க. என்ன செய்யலாம்?

செவிலி எழுதியது:

வணக்கம். நான் ஒன்பது வருஷம் தீக்காய வார்டுல நர்ஸா இருந்தேன். இப்போ யூடியூப்ல முதலுதவி வீடியோ போடறேன். சொந்தப் பேரைச் சொல்றதில்ல, சேனல் பேர்லதான் பேசறேன்.

போன மாசம் 14 நிமிஷ வீடியோ ஒண்ணு போட்டேன். அதுல நான் சொன்னது இதுதான்: "சுட்டுக்கிட்டா உடனே டூத்பேஸ்ட் தடவுங்கன்னு சொல்வாங்க. தடவாதீங்க. சூடு உள்ளேயே தங்கிடும், புண்ணு எவ்வளவு ஆழம்னு டாக்டரால பார்க்க முடியாது. குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க."

யாரோ "தடவுங்க" வரைக்கும் எடுத்துக்கிட்டு, "ன்னு"வுக்கு முன்னாடியே வெட்டிட்டாங்க. அதோட, கடைசியில வேற எதுக்கோ நான் சொன்ன "இது போதும், பயப்படாதீங்க"வை ஒட்டியிருக்காங்க. மொத்தம் 11 நொடி. மேல பெரிய எழுத்துல "நர்ஸே சொல்லிட்டாங்க"ன்னு போட்டிருக்காங்க.

யூடியூப் ஷார்ட்ஸ்ல ரெண்டு சேனல்ல இருக்கு, வாட்ஸ்அப்லயும் சுத்துது. கூட வேலை பார்த்தவங்களே "நீயா இப்படிச் சொன்னே?"ன்னு கேட்கறாங்க. அதைவிட, இதை நம்பி யாராவது குழந்தை கையில பேஸ்ட்டை அப்பிடுவாங்களோன்னுதான் தூக்கம் வரல. காய்ஞ்சு ஒட்டின பேஸ்ட்டை நனைச்சு நனைச்சு எடுக்கும்போது குழந்தை அலறுறதைக் கேட்டவ நான்.

என் வீடியோவை அனுமதி இல்லாம எடுத்தாங்கன்னு யூடியூப்ல புகார் கொடுத்து, அந்தச் சேனல் மேல காபிரைட் ஸ்ட்ரைக் (எச்சரிக்கைப் புள்ளி) போடலாமா?

நிழல்வரி எழுதியது:

போடலாம். ஆனா யூடியூப்ல இருக்கற அந்தப் புகார்ப் படிவம் உங்க வீடியோவைக் காப்பி அடிச்சதுக்குத்தான், பொய் சொன்னதுக்கு இல்ல. விமர்சனம் பண்றதுக்காக ஒரு துண்டை எடுத்தவங்க மேல அதைப் பிரயோகிச்சா நிக்காது, பிரயோகிக்கவும் கூடாது. உங்க விஷயத்துல விமர்சனமே இல்ல, உங்க காட்சிதான் மொத்தமும்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. வீடியோ எடுக்கப்பட்ட இடத்துல உரிமையாளர் பேர் வெளியில தெரியும். சொந்தப் பேரை மறைச்சு வெச்சிருக்கீங்க, அதனால யோசிச்சுச் செய்ங்க. அவங்க எதிர் அறிவிப்பு (எடுத்தது தப்புன்னு மறுப்பு) கொடுத்தா, 10 வேலை நாளுக்குள்ள நீங்க நீதிமன்றம் போனதுக்கு ஆதாரம் காட்டணும். இல்லன்னா வீடியோ திரும்ப வந்துடும். 7 நாள் அவகாசம் கொடுத்து நீக்கச் சொல்ற வழியும் அதே படிவத்துல இருக்கு. அவங்களே எடுத்துட்டா ஸ்ட்ரைக் விழாது. நான் அதைத்தான் முதல்ல செய்வேன்.

எதுவானாலும் இன்னைக்கே அந்த ரெண்டு பக்கத்தோட லிங்க், தேதி, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எல்லாத்தையும் எடுத்து வெச்சுடுங்க. உங்க எடிட் ஆகாத மூல ஃபைலையும் அழிச்சுடாதீங்க.

கரைமேல் எழுதியது:

எதுவும் செய்யாம விடுங்கம்மா. நாலு நாள்ல அடங்கிடும். பதில் சொல்லப் போனா பார்க்காதவங்களும் தேடிப் பார்ப்பாங்க.

வெட்டுமேசை எழுதியது:

கரைமேல் சார், வெறும் கேலி கிளிப்பா இருந்தா நானும் அதையேதான் சொல்வேன். இது ஒருத்தர் கையைப் புண்ணாக்கற விஷயம், சும்மா இருக்க முடியாது.

நான் தினமும் வீடியோ வெட்டறவன். வாட்ஸ்அப்ல போனதைத் திரும்ப எடுக்க முடியாது, அதே வழியில போற இன்னொண்ணை அனுப்பத்தான் முடியும். 30 நொடிக்குள்ள, நெட்டுக்குத்தா ஒரு வீடியோ போடுங்க. ஆனா அந்தப் பொய்க் கிளிப்பை முதல்ல ஓட்டாதீங்க. "டூத்பேஸ்ட் தடவக் கூடாது, தண்ணிதான்"னு ஆரம்பிங்க. அப்புறம் உங்க பழைய வரியை "ன்னு சொல்வாங்க, தடவாதீங்க"வோட சேர்த்து முழுசா காட்டுங்க. முடிவுலயும் தண்ணிதான். யாராவது அதையும் பாதியில வெட்டினா, முதல் பாதியிலயே உண்மை இருக்கும்.

இனிமேலுக்கு ஒரு விஷயம். தமிழ்ல "இது நான் சொல்றது இல்ல"ங்கறது வாக்கியத்தோட வால்லதான் வருது. வெட்டறவனுக்கு அதைவிட வசதி இல்ல. அதனால தப்பான நம்பிக்கையை ஏவல் வினையில சொல்லவே சொல்லாதீங்க. "தடவுங்கன்னு சொல்வாங்க"வுக்குப் பதிலா "சிலர் தடவறாங்க, அது தப்பு"ன்னு சொன்னா, எங்க வெட்டினாலும் உத்தரவா மாறாது. அந்த இடம் ஓடும்போது திரையில "தவறான நம்பிக்கை"ன்னு எழுத்தும் போடுங்க. மூலையில வேணாம். அகல வீடியோவை ஷார்ட்ஸுக்கு நறுக்கும்போது நடுவுல மூணுல ஒரு பங்குதான் மிஞ்சும். உங்க கழுத்துக்குக் கீழே, நடுவுல இருக்கணும்.

தாழ்வாரம் எழுதியது:

2010 ஜூலையில் அமெரிக்க வேளாண்துறை அதிகாரி, கறுப்பினத்தவரான ஷெர்லி ஷெராடுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்கார விவசாயி ஒருவருக்கு உதவத் தயங்கினேன் என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்ன பகுதி மட்டும் இணையத்தில் வந்தது. அன்றைக்கே ராஜினாமா செய்ய வைத்தார்கள். கூட்டம் நடத்திய அமைப்பு மறுநாள் முழு உரையையும் வெளியிட்டது. அந்தத் தயக்கத்தைக் கடந்து அவர் உதவியதுதான் கதையே. அந்த விவசாயிக் குடும்பமும் முன்வந்து, எங்கள் நிலத்தைக் காப்பாற்றியவர் இவர் என்றது. துறை அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

அவரைக் காப்பாற்றியது முழு ஒளிப்பதிவு கையில் இருந்ததும், நேரில் அறிந்தவர்கள் பேசியதும்தான். நீங்களும் வீடியோவை நீக்கிவிடாதீர்கள். சரியான நிமிடத்துக்குப் போகும் இணைப்பைக் கருத்தாகப் போட்டு, அது எப்போதும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள் என்றீர்களே, அவர்களையே அதைப் பகிரச் சொல்லுங்கள். அவர்கள் குழுக்களில் அவர்கள் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

செவிலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி 26 நொடி வீடியோ ஒண்ணு எடுத்தேன். முதல் வார்த்தையே "தண்ணி". பழைய வார்டு சிநேகிதிங்க ஆறு பேர் அவங்கவங்க குடும்பக் குழுவுல போட்டிருக்காங்க. ஒரு சேனல் கேட்டதும் எடுத்துட்டாங்க. இன்னொண்ணு பதிலே இல்ல. என் பேர் தெரிஞ்சா தெரியட்டும்னு 7 நாள் அவகாசத்தோட படிவம் அனுப்பிட்டேன். பழைய வீடியோக்கள்ல "தடவுங்கன்னு", "கட்டுங்கன்னு" எங்கெல்லாம் வருதுன்னு தேடிட்டிருக்கேன். இதுவரைக்கும் 17 இடம். பாம்புக்கடி வீடியோவுல மட்டும் நாலு. அதைத்தான் முதல்ல திருத்தணும்.