‘பித்தநாளம் அருகும் நோய்த்தொகை’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளங்களைத் தாக்கும் ‘வேனிஷிங் பைல் டக்ட் சிண்ட்ரோம்’ என்ற அரிய நோய்க்குத் தமிழ்ப்பெயராக நண்பர் நம் குழுவில் முன்வைத்த ‘மறையும் பித்தநாள நோய்த்தொகை’ என்பதில் பித்தநாளம், நோய்த்தொகை ஆகிய இரண்டும் எனக்கு உடன்பாடே. ‘மறையும்’ என்பதில்தான் தயக்கம். மறைந்தது கண்ணுக்குப் படாமல் அங்கேயே இருக்கவும் கூடும். இந்நோயிலோ கல்லீரலுக்குள் உள்ள நுண்ணிய நாளங்கள் சிதைந்து எண்ணிக்கையில் குறைகின்றன. திசு ஆய்வில், இரத்தக்குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து செல்லும் இடங்களான போர்ட்டல் பகுதிகளுள் 50 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் நாளம் காணப்படாவிட்டால் அதனை ‘டக்டோபீனியா’ என்கிறார்கள்.

‘பித்தநாள அடைப்பு’ பொருந்தாது. பெரிய நாளங்கள் திறந்திருக்க, ஸ்கேனில் அடைப்பு எதுவும் தெரியாத நிலையிலேயே பித்தம் தேங்கி, மஞ்சள் காமாலையும் உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும் வருகின்றன. ‘பித்தநாளமின்மை’ என்றால், நாளமில்லாச் சுரப்பி என்று படித்துப் பழகிய நமக்கு, தொடக்கத்திலிருந்தே நாளம் இல்லை என்ற பொருள்தான் தோன்றும்.

‘பித்தநாள அழிவு’ என்பதைப் பலர் விரும்புகிறீர்கள். அதன் தெளிவை மதிக்கிறேன். ஆயினும் அது இறுதித் தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயில், புற்றணுக்கள் கல்லீரலுக்குள் நுழையாமலேயே இந்நிலை தோன்றுவதுண்டு. புற்றுநோய்க்கான மருந்துகள் சில பித்தத்தின் வழியாகவே வெளியேறுவதால் மருத்துவம் கடினமாகிறது என்றாலும், புற்றுநோய் அடங்கியபின் கல்லீரலும் தேறியவர்கள் இருக்கிறார்கள். சைட்டோமெகாலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் போன்ற தொற்றுகளோடும், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் முதலிய மருந்துகளோடும் தொடர்புடையதாக இது பதிவாகியுள்ளது. மருந்தால் வருவதிலும் சிலர் மீள்கிறார்கள், சிலருக்குக் கல்லீரல் மாற்று வரை செல்ல நேர்கிறது. நோயாளியின் கைக்குப் போகும் அறிக்கையில் இடம்பெறும் சொல், மீளும் வாய்ப்பை முன்கூட்டியே மறுத்துவிடக் கூடாது.

ஆகவே ‘அருகுதல்’ என்ற வினையை முன்மொழிகிறேன். அருகிவரும் உயிரினங்கள் என்று நாம் எழுதும்போது, முன்பு இருந்தது, இப்போது குறைகிறது, இன்னும் முற்றாக அற்றுப்போய்விடவில்லை என்ற மூன்று பொருளையும் அது தருகிறது. டக்டோபீனியாவுக்குப் ‘பித்தநாள அருகல்’ என்றும், நோய்க்குப் ‘பித்தநாளம் அருகும் நோய்த்தொகை’ என்றும் கொண்டால், திசுவில் காணும் மாற்றமும் நோயின் பெயரும் ஒரே வேரில் அமையும். ‘அருகல்’ என்பதை அண்மை என்று கொள்ளும் குழப்பம் தனிச்சொல்லாக நிற்கும்போது நேரலாம். ‘பித்தநாள’ என்ற அடையை விடாமல் எழுதினால் அது பெரும்பாலும் நீங்கும்.

போர்ட்டல் பகுதிக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. அதனைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாமா?