தெருவோரம் நிறுத்தும் காரை எப்படிப் பாதுகாப்பது? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வசிக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிறுத்த இடம் இல்லாததால், நான்கு ஆண்டுகளாகக் காரைத் தெருவோரத்திலேயே நிறுத்தி வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை அதிகாலை யாரோ பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, இருக்கையில் நான் மறந்து வைத்திருந்த மடிக்கணினிப் பையை எடுத்துச் சென்றுவிட்டார்கள். கற்கண்டைக் கொட்டியதுபோல உள்ளே எங்கும் கண்ணாடித் துண்டுகள். குழந்தையின் இருக்கைப் பட்டையில் சிக்கியவற்றை இன்னமும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். வாகனக் காப்பீடு பொதுவாக வண்டிக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் உடைமைகளுக்கு அல்ல என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கார் களவு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும் என்பதால், மாற்றுச் சாவியை வண்டிக்குள் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

இப்போது என் கவலை வண்டியைப் பற்றியதே. எங்களுடையது பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டி. வாசலருகே மாட்டிய சாவியின் சமிக்ஞையை வெளியிலிருந்தே கருவி மூலம் நீட்டித்துக் கதவைத் திறக்க முடியும் என்பதால், அதைத் தடுக்கும் உறை வாங்க எண்ணியுள்ளேன். ஸ்டீயரிங் பூட்டு, தனி பேட்டரியுடன் மறைத்துப் பொருத்தும் ஜிபிஎஸ் கருவி ஆகிய இரண்டில் எதற்கு முதலில் செலவிடலாம்? நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் (காருக்குள் முன்கண்ணாடியருகே பொருத்தும் கேமரா) இரவெல்லாம் இயங்கினால் கார் பேட்டரி தாங்குமா? பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.