விஸ்கான்சின் தொகுதி எல்லைகள்: வழக்கு ஒன்று, தீர்ப்பின் காரணம் வேறொன்றா?

எல்லைக்கல்:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர் 22 அன்று ரத்து செய்தது. 2018 தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் மாநிலம் முழுவதும் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் கீழவையின் 99 இடங்களில் 36ஐ மட்டுமே வென்றனர். ஆகவே குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாக எல்லை வகுத்ததுதான் ரத்துக்குக் காரணம் என்று எண்ணியிருந்தேன். தீர்ப்போ நிலம் ஒட்டியிருக்கிறதா என்பதைப் பற்றியே பேசுகிறது. இது ஏன்?

படிவாசல்:
கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது. விஸ்கான்சினில் 2011இல் வகுக்கப்பட்ட எல்லைகளை எதிர்த்த வழக்கை, தத்தம் தொகுதியில் தமக்கு நேர்ந்த பாதிப்பை வழக்காடியவர்கள் நிறுவவில்லை என்று கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டே, வட கரோலினா, மேரிலாந்து வழக்குகளில், கட்சிச் சார்பான எல்லை வகுப்பு கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய கேள்வியே அன்று என 5-4 என்ற கணக்கில் முடிவு செய்தது. எஞ்சியிருந்தது மாநில அரசமைப்புச் சட்டம். கீழவைத் தொகுதி ஒட்டிய நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. நகரங்கள் அண்டை ஊர்களிலிருந்து துண்டு துண்டாக நிலங்களை இணைத்துக்கொண்டதால், வேறொரு தொகுதியின் நடுவே தீவுபோல் கிடக்கும் மனைகள்கூட நகரத்தின் தொகுதியிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. குறைந்தது 50 கீழவைத் தொகுதிகளும் 20 மேலவைத் தொகுதிகளும் இப்படி இருந்தன. நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்ட இந்த வழக்கத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் 4-3 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்த நீதிமன்றத்துக்கு நடந்த நீதிபதி தேர்தல்தான் அந்தப் பெரும்பான்மையை உருவாக்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2018 கணக்கைப் பற்றி ஒரு சொல்: எதிர்க்கட்சி வேட்பாளரே இல்லாத தொகுதிகள் பல இருந்ததால், அந்த வாக்கு விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சாய்வு பொய்யில்லை.

ஏரிக்கரை:
வாக்குரிமை வழக்குகளை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தை மீறி, விஸ்கான்சினின் பெருநகரான மில்வாக்கியில் லத்தீன் வாக்காளர்களின் வலிமை இரண்டு தொகுதிகளில் சிதைக்கப்பட்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2012இல் கண்டறிந்தது. பத்தாண்டு கழித்துத் தராசு மறுபுறம் சாய்ந்தது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டோனி ஈவர்ஸ் முன்வைத்த எல்லை வரைபடம் மில்வாக்கியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மைத் தொகுதிகளை 6இலிருந்து 7ஆக உயர்த்தியது. மாநில நீதிமன்றம் 2022 மார்ச்சில் அதை ஏற்ற சில வாரங்களுக்குள், ஏழாவது தொகுதி சட்டப்படி தேவைதானா என்று போதிய அளவு ஆராயப்படவில்லை எனக் கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அன்றைய நிலையில், இனத்தைக் கவனிக்காமல் வரைந்து சிறுபான்மையினரின் வாக்கு வலிமை சிதைந்தால் வாக்குரிமைச் சட்டம் தடுத்தது. தக்க காரணமின்றி இனத்தையே முதன்மையாகக் கொண்டால், சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு தரும் அமெரிக்க அரசமைப்பின் 14ஆவது திருத்தம் தடுத்தது. ஏப்ரலில் மாநில நீதிமன்றம் வேறு வழியின்றி, குடியரசுக் கட்சி பெரும்பான்மை கொண்ட சட்டமன்றத்தின் வரைபடத்தையே ஏற்றது. 2023இல் ரத்தானது அதுதான்.

எல்லைக்கல்:
அப்படியானால் கட்சிச் சார்பு பற்றிய குறை கேட்கப்படாமலே போயிற்றா?

படிவாசல்:
வாசல் வழியே வர முடியாதது கொல்லை வழியே வந்தது. கட்சிச் சார்பு குற்றச்சாட்டை விசாரணைக்கு எடுக்க மறுத்த அதே மாநில உச்ச நீதிமன்றம், சட்டமன்றமும் ஆளுநரும் உடன்படாவிட்டால் புதிய எல்லைகளைத் தானே தேர்வு செய்யும் என்றும், அப்போது ஒவ்வொரு வரைபடமும் எந்தக் கட்சிக்கு எவ்வளவு சாதகமாக அமைகிறது என்பதையும் பார்க்கும் என்றும் அறிவித்தது. குடியரசுக் கட்சியினர் அதற்குக் காத்திராமல் ஆளுநர் புதிதாக முன்வைத்த வரைபடத்தையே நிறைவேற்றினர். 2024 பிப்ரவரி 19 அன்று அவர் கையொப்பமிட்டார். அந்த நவம்பரில் கீழவையில் குடியரசுக் கட்சியினரின் பலம் 64இலிருந்து 54ஆகக் குறைந்தது, பெரும்பான்மை போகவில்லை. மேலவையின் 33 இடங்களில் பாதியளவுக்கே அப்போது தேர்தல் நடந்தது. மற்றவற்றுக்குப் புதிய எல்லைகளில் முதல் தேர்தல் 2026இல்தான்.