சாதகம், அதாவது தினசரி இசைப் பயிற்சி செய்பவரைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுண்டா? சுயக்கட்டுப்பாடு என்றால் அதுதான்.

திருவாவடுதுறையில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை ஊர், சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்பே அடுத்த தெருவில் நாகஸ்வரச் சத்தம், போய்ப் பார்த்தால் வயதான வித்வான் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை வாசிக்கிறார், குழந்தைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்களே அதே சரளி. மூன்றாம் காலத்தில், அதாவது மூன்றாவது வேகத்தில், ஒரு நிஷாதம் ('நி' ஸ்வரம்) லேசாகப் பிசிறியது, எனக்குத் தெரியக்கூட இல்லை. நிறுத்தினார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து மாட்டிக்கொண்டு, "காத்து நிக்கல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் காலத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். கச்சேரிக்குப் போவதையே விட்டு வருஷக்கணக்கானவர். யாருக்காக அந்த நிஷாதம்? இன்றைக்கும் அது மனதை அரிக்கிறது.

பதில்:
மன்னிக்கவும், இதைச் சுயக்கட்டுப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இசைக்கார வீடுகளில் பிறந்தவர்களுக்குச் சாதகம் மூச்சு விடுவது மாதிரி. வேலைக்குப் போய்க்கொண்டே முப்பது வயதுக்கு மேல் மிருதங்கம் ஆரம்பித்துப் பாருங்கள். என் வாத்தியார் மாதக்கணக்கில் 'த தி தொம் நம்' என்ற முதல் பாடத்தைத் தாண்ட விடவில்லை. ஒருநாள் வேகமாக வாசித்துக் காட்டினேன், என் வலது கையைப் பிடித்து நிறுத்தி, "விரல் ஓடுது, நாதம் எங்கே?" என்றார். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது.

பதில்:
மிருதங்கக்காரர் சொல்வது பாதிதான் சரி. நாகஸ்வரத்தில் விரலை விடக் காற்றின் அழுத்தமும் உதடும்தான் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைத் தருகின்றன, கொஞ்ச நாள் விட்டாலே போய்விடும், எந்த வீட்டில் பிறந்தாலும். எங்கள் அத்தை சமையல் முடித்து அடுப்பை அணைத்த கையோடு வீணையில் உட்காருவார், விருந்தாளி இருந்தாலும் சரி. ஒருமுறை என் அப்பாவையே காத்திருக்க வைத்தார்!

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேளுங்கள். ஒரு மணி நேரம் என்று வைக்காதீர்கள், ஒரு வரிசை மூன்று காலம் போதும். நேரத்தை விட, எதற்கு அடுத்து என்பதை முடிவு செய்யுங்கள், காபிக்கு அடுத்து என்றால் காபிக்கு அடுத்துதான். முதல் காலம் சுத்தமாக வராமல் அடுத்ததற்கு ஓடாதீர்கள், தப்பும் சேர்ந்து பழகிவிடும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அப்படிச் செய்துதான் பலர் இரண்டே வாரத்தில் நிறுத்துகிறார்கள். அப்புறம், வீணையை உறை போட்டு மூலையில் வைக்க வேண்டாம், எடுப்பதற்கே சோம்பல் வந்துவிடும்.