ஊர்ல நிக்கிற அப்பா காரு: ரிப்பேரா, பேரீச்சம்பழமா?

தம்பி, வந்து மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள ஊர்லேந்து கார் பஞ்சாயத்தா? நானும் மன்னார்குடி பக்கம்தான், தோஹா வந்து பதினோரு வருஷமாச்சு, இதே கூத்து எங்க வீட்லயும் நடந்துச்சு, அதான் நீளமா எழுதுறேன்.

ஊர்ல நிக்கிற அப்பாவோட பழைய காருக்கு ரிப்பேர் பண்ண மெக்கானிக் 38,000 சொல்றாரு, பண்றதா உடைக்கிறதா, வித்தா 60,000 தேறுமான்னு கேட்டிருக்கீங்க. அத விடுங்க, யாரு ஓட்டப் போறா? அப்பாவே வாரம் ரெண்டு தடவ எடுத்துட்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, கடைத்தெருன்னு போறாருன்னா தாராளமா செலவு பண்ணுங்க. ஓட்ட ஆளில்லன்னா புது எஞ்சினே போட்டாலும் தண்டம். நான் 2016 லீவுல 45,000 கொட்டி ரெடி பண்ணிட்டு வந்தேன், அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன், வண்டி கொல்லையில நின்னுடுச்சு. கொஞ்ச நாள்ல பேட்டரி டவுனு, அப்புறம் டயரு ஒரு பக்கமா சப்பை, தை மாசம் சம்பா அறுத்ததும் வயல்ல கெடந்த எலியெல்லாம் குடும்பத்தோட பானட்டுக்குள்ள வந்து குடியேறி வயரிங்க மொத்தமா தின்னு தீத்துச்சு. மிச்சம் மீதிய 2018 கஜா புயல் பாத்துக்கிச்சு, தென்னமரம் டிக்கி மேலயே சாஞ்சுது.

சரி, ஓட்டுவாருன்னே வச்சுக்குவோம். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், பிரேக், ஏசி இதெல்லாம் வயசான வண்டிக்கு வர்றதுதான், பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது துரு. வீடியோ கால்ல காருக்குள்ள மிதியடியத் தூக்கி தரைய ஸ்க்ரூடிரைவரால குத்திக் காட்டச் சொல்லுங்க, உள்ள எறங்குச்சுன்னா ரிப்பேர் பேச்சே வேணாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காத்துல நின்ன வண்டின்னா இத கண்டிப்பா பாக்கணும். எஞ்சின் ஆயிலு டீ கலர்ல நொரச்சு இருந்தா தண்ணி கலந்திருக்கு, அப்ப 38,000த்தோட நிக்காது.

பேப்பர் செலவையும் சேத்துக்குங்க. 2010 மாடல்னா 15 வருஷ ஆர்சி (வண்டியோட பதிவுச் சான்று) முடிஞ்சிருக்கும், வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்லேந்து சொந்தக் காருக்கு அதுக்கு ஃபீஸ் மட்டும் 5,000 ஆக்கிட்டாங்க. இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு) மட்டும்னா பெரிய காசில்ல, 2022ல வச்ச ரேட்டுப்படி 1000 சிசிக்குள்ள எஞ்சின்னா வருஷத்துக்கு 2,094, ஜிஎஸ்டி தனி.

உடைக்கிறதுன்னு முடிவு பண்ணா தெருவுல வர்ற காயலான் கடைக்காரர்கிட்ட மட்டும் அப்படியே தூக்கிக் குடுத்துடாதீங்க. அவரு காச குடுத்துட்டு போயிடுவாரு, ஆர்சி அப்பா பேர்லயே நிக்கும், நாளைக்கு அந்த நம்பர எவனாவது மாட்டிட்டு எங்கயாவது இடிச்சா போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும், நீங்க இங்கேந்து போன்ல கத்திட்டு இருக்கணும். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் சென்டர்ல குடுங்க, வண்டிய ஒப்படைச்சதுக்கு சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்னு ஒரு சான்று தருவாங்க, புது வண்டி எடுக்கறப்ப அத காட்டினா ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கிடையாது. பழைய லோன் முடிஞ்சும் ஆர்சில எச்பிய (லோன் குடுத்தவங்க பேர்ல இருக்குற அடமானப் பதிவு) கேன்சல் பண்ணாம விட்டிருந்தா அத மொதல்ல முடிங்க, இல்லன்னா வாங்க மாட்டாங்க. டோல் கட்டுற ஃபாஸ்டேகையும் மூடிடுங்க.

அப்பா ஒத்துக்க மாட்டாரு, அது தெரிஞ்சதுதான். போன்ல வாதாடாம அடுத்த லீவுல பக்கத்துல உக்காந்து பேசுங்க, கையெழுத்தும் அவருதான போடணும். அதுவரைக்கும் ஆர்சியும் ரெண்டு சாவியும் எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேட்டு வைங்க. எங்க வீட்ல ரெண்டாவது சாவி பத்தாயத்துக்கு மேலேந்துதான் கெடச்சுது, வண்டி போய் ஆறு மாசம் கழிச்சு.